உரமூட்டை குடியிருக்கும் கக்கூஸ்

என் தங்கத்துக்கு அம்மா எழுதுவது. எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்பா நலம், மாடு நலம், என்னைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகம்தானே. போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் கடிதம்.

உன் சித்தி வீட்டில் கக்கூஸ் கட்டியாயிற்று. வெள்ளை டைல்ஸ், திருப்பினால் தண்ணீர், உள்பக்கம் தாழ்ப்பாள். பார்த்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது, உன்னிடம் மறைப்பானேன். அவள் மகனுக்குப் பார்த்த பெண் வீட்டார் வந்து, "கக்கூஸ் இல்லாத வீட்டுக்கு எங்க பொண்ணு வராது" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்களாம், ஒரே மாதத்தில் உன் சித்தப்பா கட்டி முடித்துவிட்டார். இன்னும் வாசல் மிதிக்காத மருமகளுக்கு வந்த யோகத்தைப் பார். நான் வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. நமக்கும் அரசாங்கம் கட்டிக் கொடுத்ததே, அதிகாரி உன் அப்பாவை அதன் முன்னால் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார், மறுநாளே உரமூட்டை குடியேறிவிட்டது. நனையாத இடம் வேறு ஏது என்கிறார். நான் நனையலாம், உரம் நனையக்கூடாது.

"அக்கா, இங்கயே வந்துட்டுப் போங்களேன்" என்று சித்தி நல்ல மனசோடுதான் கூப்பிட்டாள். எனக்குத்தான் ரோஷம், அவள் வாசலில் போய் நிற்பதா என்று காட்டுப் பக்கமே போனேன். அங்கேயும் மனை பிரித்து வேலி போட்டுவிட்டார்கள், ஒதுங்க ஒரு புதர் இல்லை. அதனால் பொழுது சாயும்வரை தண்ணீரே குடிப்பதில்லை. மூன்றாம் முறையாக நீர்க்கடுப்பும் குளிர்காய்ச்சலும் வந்துவிட்டது. "அடக்கி அடக்கித்தாம்மா இப்படி, இன்னொரு தடவ வந்தா கிட்னி போயிடும்" என்று நர்ஸம்மா திட்டினார். அப்பாவிடம் சொன்னேன், அறுப்பு முடியட்டும் என்றார். எந்த வருஷத்து அறுப்பு என்று சொல்லவில்லை.

நீ ஒன்று செய். அப்பாவுக்கு போன் போட்டு, லீவுக்கு வருகிறோம், மாப்பிள்ளை எங்கே போவார் என்று மட்டும் கேள். என் காய்ச்சலைப் பற்றி மூச்சு விடாதே, அது செல்லாத காசு. மாப்பிள்ளை பெயரைக் கேட்டால் அன்றைக்கே மூட்டை வெளியே வரும். நான் பெற்றவள் நீ, உன் ஒரு வார்த்தைக்கு இருக்கிற மதிப்பு என் உடம்புக்கு இல்லை. சித்தி மருமகள் மேல்கூட எனக்கு அவ்வளவு பொறாமை இல்லையடி, உன் மேல்தான்.

தீர்க்காயுசாக இரு. பேத்திக்கு என் முத்தம். வேளைக்குச் சாப்பிடு, தண்ணீர் நிறையக் குடி. நீ குடிக்கலாம்.

உன்னைப் பெற்ற
அம்மா