செல்வம் அண்ணே வைத்த மஞ்சள் வயர்

திங்கள். விடிந்ததிலிருந்து மழை.

ஆயர் ஈத்தாம் பஸ் தாமதம். ஜெலுத்தோங்கில் இறங்கும்போது சட்டை முழுக்க ஈரம். முதலாளி தவுக்கே எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். ஒருநாளும் இல்லாத வழக்கம். மாதக் கடைசிக்கு மேல் வொர்க்‌ஷாப்பில் ஒரு ஆள்தானாம். யார் என்று முடிவு செய்யவில்லையாம்.

இருப்பதே இரண்டு பேர். நானும் செல்வம் அண்ணேயும். ஃபேக்டரியில் பதினெட்டு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை. அதை மூடியதும் சேர்ந்தே இங்கு வந்தோம்.

வெளியே வந்ததும் அண்ணே சொன்னார்: "உன்னத்தான் வெப்பாரு மணியம். எனக்குத்தான் கண்ணு போயிட்டு வருதே. இனிப்புநீர்லா."

"அப்படிலாம் இல்லண்ணே."

பொய் இல்லை. சர்க்கரையில் கண் மங்கினாலும் என்னைவிட அவர்தான் கெட்டி. தவுக்கேவுக்கும் தெரியும். எனக்கு ஐம்பத்திரண்டு. வேறு யார் எடுப்பார்கள்?

செவ்வாய். வெயில்.

பட்டர்வொர்த் வாத்தியார் ஒருவரின் ரேடியோ ஆம்பிளிஃபையர். ஓய்வுபெற்றவர், பொழுதுபோக்கு. பெரிய பவர். அதைக் காப்பாற்றும் போர்டை நாங்கள் வயர் செய்ய வேண்டும்.

- ஆண்டெனா ரிலே ('டக்' என்று மாறும் சுவிட்ச்) முதலில், டிரான்சிஸ்டர் அப்புறம்
- சூடு ஏறினால் கட்
- கரண்ட் ஏறினால் கட்
- மஞ்சள் வயர்: ஆண்டெனாவிலிருந்து திரும்பி வரும் பவரை அளக்க. அளவு மீறினால் எல்லாம் நிற்கும்

முதல் மூன்றும் எனக்கு. மஞ்சள் செ. அண்ணேவுக்கு.

கடையில் ரொட்டி சானாய். குழம்பு புளித்துப்போயிருந்தது.

புதன்.

அவர் சாப்பிடப் போன நேரத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மஞ்சள் வயர் பக்கத்துத் துளையில். அது கிரவுண்ட். போர்டுக்கு எப்போதும் பூஜ்யம்தான் தெரியும். ஆண்டெனா கழன்று விழுந்தாலும் நிற்காது.

மாற்ற ஒரு நிமிடம். அவரிடம் சொல்ல அதுகூட வேண்டாம்.

மூடியை வைத்து எட்டுத் திருகாணியையும் இறுக்கினேன்.

"செக் பண்ணிட்டியா?" வந்ததும் கேட்டார்.

"பண்ணிட்டேன்ணே. சுத்தம்."

வீட்டில் மீன் குழம்பு. இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினேன்.

வெள்ளி. புழுக்கம்.

வாத்தியார் வந்தார். முதலில் எல்லாம் ஒழுங்கு. பிறகு, "ஆண்டெனா இல்லன்னா நிக்குதான்னு பாப்போம்," என்று கேபிளைக் கழற்றிவிட்டு முழுப் பவரில் அழுத்தினார்.

டப். கருகிய நாற்றம். டிரான்சிஸ்டர் இரண்டாகப் பிளந்திருந்தது.

செ. அண்ணே தானே மூடியைத் திறந்து, லென்ஸை வைத்து, மூக்கு இடிக்கக் குனிந்து தேடினார். நேரம் எடுத்தது. யாரும் உதவவில்லை.

"என் கைதான் தவுக்கே. மணியம் மேல தப்பில்ல."

நான் செக் செய்ததாகச் சொன்னதை அவர் சொல்லவே இல்லை.

தவுக்கே வாடிக்கையாளர் முன்னாலேயே கத்தினார்: குருடனுக்கு எதற்கு சாலிடர், பாசாருக்குப் போய் வெங்காயம் பொறுக்கு.

அவருடைய சாமான் பெட்டியை மோட்டார் சைக்கிள் வரை நான் தூக்கிக்கொண்டு போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ ஒருத்தன்தான் என்ன ஒண்ணும் சொல்லல."

வெட்கம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

திங்கள்.

புது டிரான்சிஸ்டர். மஞ்சள் வயர் சரியான துளைக்கு. கேபிளைக் கழற்றினால் சிவப்பு விளக்கு, எல்லாம் நின்றது. வாத்தியாருக்குப் பரம சந்தோஷம். அவருடைய கூட்டாளிகளுக்கும் இதே போர்டு வேண்டுமாம். ஆறு.

தவுக்கே தலையைச் சொறிந்தார். "ஒரு ஆளால முடியாது. செல்வத்தக் கூப்பிடு. கோவத்துல சொல்லிட்டேன். நல்ல கண்ணாடியா போட்டுக்கட்டும். ரெண்டு பேருமே இருங்க."

ரெண்டு பேருமே. இதை ஒரு வாரம் முன்னால் சொல்லியிருக்கலாம்.

அவர் வந்து பக்கத்து மேசையில் உட்கார்ந்தால், என்றாவது ஒருநாள் கேட்பார், அன்று என்னத்தைச் செக் செய்தாய் என்று.

வெளியே போய் பால் இல்லாமல் ஒரு கோப்பி ஓ குடித்துவிட்டு வந்து சொன்னேன்: "கூப்பிட்டேன் தவுக்கே. வர மாட்டாராம். உங்க மூஞ்சில முழிக்க மாட்டாராம்."

"அவ்ளோ திமிரா?" என்றார்.

வியாழன். மேகமூட்டம்.

இரண்டு போர்டு முடிந்தது. மூன்றாவதைச் சோதித்துக்கொண்டிருந்தபோது போன். செ. அண்ணே.

"அங்க ஏதாச்சும் வேல இருக்கா மணியம்? கூட்டுற வேலன்னாலும் பரவால்லலா."

"ஒண்ணும் இல்லண்ணே. கடையே காலி. ஈ ஓட்டுறோம்."

மேசையில் போர்டு 'டக்' என்றது.



"ரிலே சத்தம் கேக்குதே," என்றார்.

போனை வைத்துவிட்டேன்.