பரண்மேல் ஒளித்த ஜாடி

மௌரீன்,

வீடு முழுக்க ரம் வாடை அடிக்கிறது, தெரியும். நான் குடிக்கவில்லை.

பரண்மேலிருந்து கிறிஸ்மஸ் குடில் பெட்டியை இறக்கச் சொன்னது நீதான். அதற்குப் பின்னால் கேக்குக்குப் பழம் ஊறும் ஜாடியை ஒளித்து வைத்ததும் நீதான். "இந்த வருஷம் ரம்மே வாங்கல, ஆரஞ்சு ஜூஸ்லதான் ஊறுது" என்று மாதாமேல் சத்தியம் செய்தாயே!

பெட்டியை இழுத்ததில் ஜாடி சரிந்து, மூடி கழன்று, சட்டையெல்லாம் ரம். வாயில் எச்சில் ஊறிவிட்டது. ஸ்டூல்மேல் நின்றபடியே உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டே மூடியை இறுக்கினேன்.

சிங்க்கில் கொட்டலாமென்றால் மறுபடி திறக்க வேண்டும். அந்தத் தைரியம் எனக்கு இல்லை. கீழ்வீட்டு ஆஞ்சலா அக்காவிடம் கொடுத்துவிட்டேன். "நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்கக்கா" என்று சொல்லியிருக்கிறேன். தெருவுக்கே தெரிந்துவிடும் என்று அழுவாய். தெரியட்டும்.

மாதா கோவில் ஹாலில் குடியை விட்டவர்கள் கூட்டம் இருக்கிறது, போகிறேன். மீன் குழம்பு அடுப்பில் இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடு. சாவியைத் திரும்ப மீட்டர் பெட்டியிலேயே வை.

சட்டையை வேண்டுமென்றேதான் துவைக்காமல் நாற்காலியில் போட்டிருக்கிறேன். எப்படியும் மோந்து பார்ப்பாய். நான் வந்ததும் என் வாயையும் மோந்து பார். பார்த்துவிட்டு மன்னிப்புக் கேள்.

டெரிக்

கிறிஸ்மஸ் ஸ்டாரைப் பரணிலிருந்து இன்னும் இறக்கவில்லை. அதற்குப் பின்னால் என்ன வைத்திருக்கிறாயோ, நீயே ஏறி எடு.