கை ஆபரேஷன்னு நீ சொன்னது

தோட்டத்துச் சேறு ஒட்டின செருப்போட எங்க வீட்டு அடுப்படி வரைக்கும் வந்து நிக்கிற என் அண்ணனுக்கு,

வர்ற மாசத்தோட நீ போயி வருசம் திரும்புது. உசுரோட இருந்தப்ப உன்கிட்ட ஒரு நாளும் வாய்விட்டுப் பேச முடியாத விசயத்தை இப்பப் பேச வேண்டியிருக்கு. நேர்ல ஆரம்பிச்சிருந்தா, “மோட்டார் போடணும்”னு பாதியிலயே எந்திரிச்சுப் போயிருப்ப. இப்ப எங்கன போவ? உக்காந்து கேளு.

முதல்ல நல்ல சேதி. என் மக, உன் மருமக நிவேதா பெரிய மனுசியாயிட்டாண்ணே. குடிசை கட்டத் தாய்மாமன் வேணுமேன்னு எல்லாரும் முழிச்சப்ப, மதினிதான் தென்னங்கீத்தை எடுத்துச் சுவத்துல சாத்தி வச்சாக. தாலி இல்லாதவ தொடலாமான்னு ஒருத்தி வாயெடுத்தா. நான் பாத்த பார்வையில மூடிக்கிட்டா. சடங்கை மட்டும் உனக்கு வருசம் கும்பிட்டப்புறம் வச்சுக்கலாம்னு தள்ளிப் போட்டோம்.

போன மாசம் மதினி சுருளிப்பட்டியிலருந்து பஸ் ஏறி உத்தமபாளையத்துக்கு, என் தையல் கடைக்கே வந்தாக. மடியில ஒரு சத்துமாவு டின். திறந்து காமிச்சாக. உள்ள தங்கக்காசு. ஒவ்வொரு திராட்சை வெட்டு முடிஞ்சதும் ஒரு சின்னக் காசு வாங்கிப் போட்டு வச்சியாமே, மருமக சீருக்குன்னு. விலை படுத்துப்போயி கொடியிலயே பழம் அழுகின வருசம்கூட விடலையாமே. பித்தான் வைக்கச் சட்டையைக் குடுன்னாக்கூட அடுத்த வாரம் பாக்கலாம்பியே, இதை எப்படிண்ணே இத்தனை வருசம் செஞ்ச?

நான் அழுது முடிக்கிறதுக்குள்ள மதினி அடுத்த குண்டைப் போட்டாக. “இதை வச்சு மதுரையில அந்த ஆபரேஷனைப் பண்ணிக்க முருகு. பிள்ளைக்குச் சீரு மெதுவாச் செய்யலாம்.”

எந்த ஆபரேஷன்னு உனக்குச் சொல்லணும். நாலு வருசத்துக்கு முன்னாடி என் இடது மாரை எடுத்தாக. மாருல புத்துநோய். எழுதிட்டேன் பாத்தியா. இதுவரைக்கும் உனக்கும் எனக்கும் நடுவுல இந்த வார்த்தை வந்ததே இல்ல.

அன்னைக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னு, போன்ல கேட்டவுகளுக்கெல்லாம் “தங்கச்சிக்குக் கையில ஒரு ஆபரேஷன்”னு சொன்ன. கதவு திறந்துதான் கிடந்துச்சு, எனக்குக் கேட்டுச்சு. கோவம் வரலண்ணே. அப்பாடான்னுதான் இருந்துச்சு. நானும் அதையே பிடிச்சுக்கிட்டேன்.

அதுக்கப்புறம் நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். விசேச வீட்டுல சாம்பார் வாளியைத் தொட விடமாட்டாக. “எங்க, விரலை மடக்கு பாப்போம்”பாக. மடக்கிக் காமிப்பேன். சித்தப்பா குமுளி வைத்தியர்கிட்டப் போயி கைக்குன்னே ஒரு தைலம் வாங்கிட்டு வந்தாரு. அதை மதினி முழங்காலுக்குத் தேச்சு முடிச்சாக.

ஆனா கைக்கும் வேலை இருந்துச்சுண்ணே. ஊரு முழுக்க ஜாக்கெட் தைக்கிறவ, ஜாக்கெட்டுக்குள்ள வைக்க எனக்கு ஒரு பஞ்சு மெத்தை தைக்க மாட்டேனா? போடியிலருந்து வாங்கின இலவம்பஞ்சை அடைச்சேன். அது கனமில்லாம தோள்பட்டைக்கு ஏறிருச்சு. கனத்துக்குக் கேப்பையை வச்சுத் தைச்சேன். ஒரு நாள் மழையில நனைஞ்சதைக் காயவைக்க மறந்துட்டேன். ரெண்டாம் நாளு பாத்தா முளைவிட்டிருக்கு! சிரிக்காத. எதை வச்சாலும் குனிஞ்சா நழுவுது, பஸ் ஏறினா நழுவுது. அதனால என் இடது கை எந்நேரமும் நெஞ்சுமேலதான் இருக்கும். பாத்தவுகளும், பாவம் கை இன்னும் சரியாகலன்னு நினைச்சுக்கிட்டாக.

மதுரை டாக்டரம்மா சொன்னாக, என் வயித்துச் சதையை எடுத்தே மாரு மாதிரி வச்சுத் தைக்கலாமாம். நிவேதா பிறந்ததுலருந்து அந்தத் தொப்பையை நான் திட்டாத நாளில்ல. அது இதுக்கு ஆகும்னு யாரு கண்டா?

செலவுக்கு வழி கேட்டுப் போனா ஒரு கவுண்டர்ல, “எடுத்ததுக்குத்தாம்மா காப்பீடு, திரும்ப வைக்கிறது அழகுக்கு”ன்னாக. பக்கத்துக் கவுண்டர்ல, “யாரு சொன்னா? எழுதிப் போடுங்க, கிடைச்சாலும் கிடைக்கும்”னாக. எழுதிப் போட்டேன். கொஞ்சம் தருவாகளாம், மிச்சம் நாம கட்டணுமாம். அழகுக்காமே அழகுக்கு! கால் போனவனுக்குக் கட்டைக்கால் வச்சா அதுவும் அழகுக்கா? வந்த கோவத்துல ஃபைலைக் கவுண்டர்லயே மறந்து வச்சுட்டு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்துட்டேன்.

ஆனா வீட்டுக்கு வந்தா எனக்கே சந்தேகம். நிசமா அழகுக்குத்தானோ? நாப்பத்தி நாலு வயசுல எவளாச்சும் மகளோட சீரை வித்து மாரு வச்சுக்குவாளா? ஊரு கேட்டா என்ன சொல்லும்?

உன் மாப்ளகிட்டக் கேட்டேன். ஜீப்பைத் தொடச்சுக்கிட்டே, “எனக்காகன்னா வேணாம். உனக்காகன்னா செய்யி”ன்னாரு. நல்ல மனுசன்தான். ஆனா அந்தப் பதிலை வச்சுக்கிட்டு நான் என்ன செய்யிறது? என்னை இப்படியே பிடிச்சிருக்குங்கிறாரா, எப்படி இருந்தா என்னங்கிறாரா? திருப்பிக் கேக்க வெக்கமா இருந்துச்சு. எனக்கு எதுக்கு வேணும்னு எனக்கே தெரியலையே, அவருக்கு எப்படித் தெரியும்?

உன் மருமக, “எனக்கு மண்டபம் வேணாம், மேடை வேணாம், மாமா காசை அம்மாவுக்குக் குடுங்க”ங்கிறா. விட்டுக் குடுக்கிறாளா, இல்ல ஊர் பாக்க உக்காரக் கூச்சப்படுறாளா? அதுவும் புரியல. சடங்குக்கு அவளுக்கு முத ஜாக்கெட்டு நான்தான் தைக்கணும். டேப்பை வச்சு அளவெடுத்தேன். எத்தனையோ பொம்பளைகளுக்கு எடுத்த கைதான், அன்னைக்கு ஒரே அளவை ரெண்டு தடவை எடுத்துச்சு. எடுத்து முடிச்சதும் டேப்பை வாங்கிக்கிட்டு, “நீ நில்லும்மா, உனக்கு எடுக்கிறேன்”னா. நாலு வருசமா என் உடம்புல டேப் படலண்ணே. கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்னேன். பிள்ளை சுத்தி எடுத்து, நோட்டுல குறிச்சு, பக்கத்துல ‘இப்போதைக்கு’ன்னு எழுதி வச்சிருக்கா.

அப்படியும் டின்னைத் தொட மனசு வரல. பிள்ளைக்குச் சேர வேண்டியதை ஆத்தாகாரி எடுத்துக்கலாமா? அதுக்கு மேல இன்னொண்ணு. சடங்கன்னைக்கு உனக்குப் பதிலா முன்னால நின்னு சீர்த்தட்டைக் கொண்டாரப் போறது சித்தப்பா. தட்டுல பவுனு இல்லன்னா மதினியைத்தான் பேசுவாக. அதனால சித்தப்பாகிட்டச் சொல்லியாகணும். கைன்னு சொல்லிச் சமாளிக்க முடியாது.

ஆபரேஷன்னு காதுல விழுந்து அவரே கடைக்கு வந்தாரு. “கை நல்லாத்தானத்தா ஆடுது? இன்னும் என்னத்துக்கு ஆபரேஷன்?”

மெஷினை நிறுத்திட்டேன். “கை இல்ல சித்தப்பா. மாரு. இடது மாரை எடுத்துட்டாக. அண்ணன் சொல்லக் கூச்சப்பட்டுக் கைன்னுருச்சு.”

சித்தப்பா துண்டை எடுத்து மறுபடியும் தோள்லயே போட்டாரு. அப்புறம், “அப்ப அந்தத் தைலம்?”னாரு. மதினி முழங்கால் கதையைச் சொன்னேன். குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாரு, சிரிச்சுக்கிட்டே கண்ணைத் தொடச்சாரு. எந்திரிச்சுப் போறப்ப, “தட்டு வரும்த்தா. பழமும் பூவும் வச்சுக் கொண்டாறேன். பவுனு எங்கனன்னு எவன் கேக்கிறான்னு பாப்போம்”னாரு.

இவ்வளவுக்குப் பெறகும் நான் மதினிகிட்ட, “அண்ணன் மருமகளுக்குச் சேத்ததை நான் எடுத்தா அது பொறுக்குமா?”ன்னு கேட்டேன். மதினி ஒரு விசயம் சொன்னாக. கடைசி வெட்டு அன்னைக்கு நான் உங்களுக்குச் சோத்துத் தூக்கு கொண்டாந்தேன்ல. வரப்புல நான் வர்றதைப் பாத்துட்டு நீ மதினிகிட்ட, “ஏ புள்ள, என் தங்கச்சி எந்நேரமும் நெஞ்சுல கைய வச்சுக்கிட்டே நடக்குது. முன்னாடியெல்லாம் வீசிக்கிட்டு வரும். இதுக்கு ஒண்ணும் செய்ய முடியாதா?”ன்னு கேட்டியாமே.

கவனிச்சிருக்க. எல்லாத்தையும் கவனிச்சிட்டு மோட்டார் போடப் போயிருக்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கேட்டிருந்தா நான்தான் என்ன சொல்லியிருப்பேன்?

குழப்பம் தீந்துருச்சான்னா இல்லண்ணே. காசை எடுக்கிறது சரியான்னு இப்பவும் தெரியல. வலி தாங்குவேனா தெரியல. வச்சுக்கிட்டப்புறம் அது என்னுதுன்னு தோணுமா, அதுவும் தெரியல. தெரியாமலேதான் போறேன். உனக்கு வருசம் கும்பிட்டு, பிள்ளை சடங்கையும் வீட்டு மட்டுக்கு முடிச்சுட்டு, நானும் மதினியும் மதுரைக்குக் கிளம்புறோம்.

உனக்கு ஒரு சத்தியம் பண்றேன். யாரு கேட்டாலும் இனிமே கைன்னு சொல்ல மாட்டேன். பிள்ளையோட சீரை, இந்தத் தையல் மெஷினை மிதிச்சே திரும்பச் சேத்து, உன் பேரைச் சொல்லித்தான் அவ கழுத்துல போடுவேன். உடம்பு தேறி வந்ததும் உன் தோட்டத்து வரப்புல ரெண்டு கையையும் வீசிக்கிட்டு நடப்பேன். அன்னைக்கு மட்டும் மோட்டார் போடப் போயிராத, நின்னு பாரு.

இப்படிக்கு,
கையில ஒரு குறையும் இல்லாத உன் தங்கச்சி
முருகேஸ்வரி