கேக் போட்டியில் கற்ற சொல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ நன்றாக இருக்கிறாய் என்று வாராவாரம் உன் வாயாலேயே கேட்டாலும் காகிதத்திலும் ஒரு முறை கேட்டுக்கொள்கிறேன். ஞாயிறுதோறும் முகம் பார்த்துப் பேசுகிற அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று உனக்குத் தோன்றும். சொல்ல வந்ததைத் திரையில் சொல்ல ஆரம்பித்தால், உன் முகம் வாடுவதைப் பார்த்து நான் பாதியிலேயே வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன், அதனால்தான். பதறாதே, கெட்ட செய்தி எதுவும் இல்லை.

அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. பள்ளி அலுவலக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மாடிப்படி ஏறி இறங்குவது இல்லையே, அதனாலும் இருக்கலாம். குளியலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது, பிளம்பர் சொன்ன 'நாளைக்கு' மூன்று வாரமாக வரவில்லை. எங்கள் கண்ணாடிக் கடைக்குப் புது இயந்திரம் வந்திருக்கிறது, அளவைக் கொடுத்தால் லென்ஸை அதுவே வெட்டி ஓரமும் தேய்த்துவிடுகிறது, நான் வேடிக்கை பார்க்க வந்தவன் மாதிரி பக்கத்தில் நிற்கிறேன். ஆனால் பிரேமைக் காதுக்குப் பின்னால் வளைத்து மூக்கில் ஒழுங்காக உட்காரவைக்க இன்னும் என் கைதான் வேண்டியிருக்கிறது, அதனால் முதலாளி என்னை வைத்திருக்கிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நர்ஸ் வேலைக்கென்று நீ அந்த நாட்டுக்குக் கிளம்புவதற்கு முன் பிரெஞ்சு பழக இணையத்தில் அந்த ஊர்த் தொலைக்காட்சியைப் பார்ப்பாயே, அந்தப் பழைய மடிக்கணினியை டிவியோடு இணைத்தபடியே விட்டுவிட்டுப் போனாய். நீ போன முதல் வாரம் வீடு என்னமோ போலிருந்தது. கடையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போது ஏதாவது சத்தம் கேட்டால் தேவலை என்று அதைப் போட்டேன். ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் நீ இருக்கும்போது ஹாலில் கேட்ட அதே சத்தம். அதற்காகவே தினமும் போட்டேன். வானிலை அறிக்கை படத்தைப் பார்த்தே புரிந்தது, மேகம் என்றால் மேகம், குடை என்றால் குடை. அதைச் சொல்லும் பெண்ணுக்கு அம்மா மழைக்காரி என்று பெயர் வைத்துவிட்டாள். பிறகு கேக் செய்யும் போட்டி ஒன்று கண்ணில் பட்டது. பேசுவதைக் கீழே பிரெஞ்சிலேயே எழுத்தாகவும் வரவைத்தேன், காதுக்குத் தப்பியதைக் கண் பிடித்துக்கொள்ளும் என்று. புதுச் சொல்லை எல்லாம் காலி லென்ஸ் உறைகளில் எழுதி மேசை இழுப்பறையில் போட்டேன். பெரிய பட்டம் வாங்கப் போகிற மாதிரிதான் என்று அம்மா கிண்டல் செய்தாள். அவளே இரண்டு மாதம் கழித்து ஒரு ஆஸ்பத்திரித் தொடரில் மாட்டிக்கொண்டாள். சும்மா ஓடுகிறதே என்று பார்ப்பதாகச் சொல்லிக்கொள்வாள், நான் வேறு நிகழ்ச்சிக்கு மாற்றினால் ரிமோட்டைப் பிடுங்கிவிடுவாள். இதெல்லாம் உன்னிடம் சொல்லவில்லை. கொஞ்சம் தேறிய பிறகு ஒரு நாள் உன்னோடு பிரெஞ்சிலேயே பேசி உன்னை அசத்தலாம் என்று நினைத்திருந்தோம், அவ்வளவுதான்.

அப்படி இருக்கும்போதுதான் இரண்டு மாதத்துக்கு முந்தைய அந்த ஞாயிறு. நீ எங்களோடு பேசிக்கொண்டிருக்கும்போது உன் கீழ்வீட்டு அம்மா கதவைத் தட்டிக்கொண்டு வந்தார். எங்களைப் பார்த்துக் கை அசைத்தார். நீ அவரிடம் பிரெஞ்சில், இவர்களுக்கு ஒன்றும் புரியாது, நீங்கள் பேசலாம் என்றாய். அது எனக்குப் புரிந்தது, புரிந்துவிட்டதே என்று உள்ளுக்குள் துள்ளினேன். அந்தத் துள்ளல் அடங்குவதற்குள் அவர் உன் பிரெஞ்சுத் தேர்வு முடிவைக் கேட்டார், நீ 'ராத்தே' என்றாய். அந்தச் சொல் எனக்குக் கேக் போட்டியில் கிடைத்தது, அடுப்பைத் திறக்கும்போது நடுவில் அமுங்கிப் போன கேக்கைப் பார்த்து, தவறிப்போச்சு என்று எல்லோரும் சொல்வது. இரண்டாவது முறையும் போய்விட்டது என்றாய். தேர்வில் தேறும்வரை ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைதான் என்றாய், தரை துடைப்பதற்கான சொல்லை நான் சோப்பு விளம்பரத்தில் நூறு முறை கேட்டிருக்கிறேன். அப்பா அம்மா நான் நர்ஸாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், இனிமேல் எழுதப் போவதில்லை, ஒப்பந்தம் முடிந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று சொல்லி ஊருக்குத் திரும்பிவிடுவேன் என்றாய். எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடு சொன்னாய், திரையில் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம் இல்லையா. நானும் சிரித்த முகத்தோடு கேட்டேன்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் நான் நானாக இல்லை. ஒரு டீச்சருக்கு வலது கண் லென்ஸை இடது பக்கம் பொருத்திக் கொடுத்துவிட்டேன், இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை. கோபம் இல்லை, சத்தியமாக இல்லை. படித்த படிப்பைப் பூட்டி வைத்துவிட்டுத் துடைப்பத்தோடு நிற்கிற பிள்ளை, வாரம் ஒரு முறை எங்களுக்காக முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாளே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. அம்மாவுக்குத் தெரிந்தால் உடைந்துபோவாள் என்று வாயே திறக்கவில்லை. பத்தாம் நாள் சாயங்காலம் அவள் டிவியை அணைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "எனக்கு அன்னிக்கே புரிஞ்சுடுச்சு. உங்களுக்குப் புரியலேன்னு நெனச்சுத்தான் நான் சும்மா இருந்தேன்" என்றாள். ஒருத்தரை ஒருத்தர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு இரண்டு பேரும் தனித்தனியாக அழுதிருக்கிறோம். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது.

உடனே உன்னைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன், அம்மா தடுத்தாள். "வெறும் கையோட போய்ப் புத்தி சொல்லாதீங்க. அந்தப் பரிட்சை எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியாது. அதனால் பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருக்கும் மொழிப் பள்ளியில் பிரெஞ்சு ஆரம்ப நிலைத் தேர்வுக்குப் பெயர் கொடுத்தேன். போன மாதம் எழுதினேன். அறையில் எனக்கு அடுத்தபடியாக வயதில் பெரியவனுக்கே பதினாறுதான் இருக்கும். கேட்கும் பகுதி எனக்குப் பிரச்சினை இல்லை, மழைக்காரி புண்ணியம். பேசும் பகுதியில்தான் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. தேர்வு நடத்திய பெண்மணி, உங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். மனப்பாடம் செய்து வைத்திருந்தது எல்லாம் பறந்துவிட்டது. நான் சொன்னது இதுதான்: "என் மகள் ஒரு ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறாள். அடுத்த வருஷம் அவள் அங்கே நர்ஸ்." வருங்காலத்தை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் சரியாக வராது. அவர் திருத்தினார், இருப்பாள் என்று சொல்லவேண்டும் என்றார். இருப்பாள் என்று திரும்பச் சொன்னேன். ஒரு அந்நிய மனுஷியின் முன்னால் உன் வேலையைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சமும் கூச்சமாக இல்லை, இதை உனக்குச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுதிக்கொண்டு வருகிறேன். செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. பேசுவதில் மயிரிழையில் தப்பித்தேன், ஆனால் தேறிவிட்டேன். அம்மா அடுத்த தடவைக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள், என்னைவிட நல்ல மதிப்பெண் வாங்குவாளாம்.

அந்த நாற்காலியில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்ததற்கே என் சட்டை நனைந்துவிட்டது. நீ அதைவிடப் பெரிய தேர்வை, நாள் முழுக்க வேலை பார்த்த உடம்போடு, தனியாக இரண்டு முறை எழுதியிருக்கிறாய். வருவதானால் தாராளமாக வா, உன் அறை உனக்குத்தான். ஆனால் எங்களிடம் சொல்லக் கதை தேடிக்கொண்டு வராதே, அலுத்துப்போய் வந்தேன் என்று சொல்லிக்கொண்டு வா. வராமல் மூன்றாம் முறை எழுதுவதானால் விண்ணப்பம் இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதியோடு முடிகிறது, நானே தேர்வுக்கான இணையதளத்தில் படித்துப் பார்த்தேன். புதன்கிழமைகளில் ஆஸ்பத்திரித் தொடரின் ஒரு பாகத்தை நீ அங்கே பார், நாங்கள் இங்கே பார்க்கிறோம், பிறகு அரைமணி நேரம் அதைப் பற்றிப் பிரெஞ்சிலேயே வம்பு பேசலாம். அதில் வரும் பெரிய டாக்டரைப் பற்றிச் சொல்ல அம்மாவுக்கு நிறைய இருக்கிறது. நாங்கள் தப்பும் தவறுமாகப் பேசுவோம், நீ திருத்து, திருத்தினால் உனக்கும் படியும்.

ஈரத் தரையில் நிற்கிற வேலை, வழுக்காத செருப்பாகப் போட்டுக்கொள். கையுறை இல்லாமல் மருந்துத் தண்ணீரைத் தொடாதே. சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. எங்கே இருந்தாலும் நீ நல்லபடியாக இருக்கவேண்டும், நினைத்தது கைகூடவேண்டும் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு வேண்டுதல் இல்லை. இன்னொன்று, மறந்துவிடாதே. அன்றைக்கு நீ எழுதமாட்டேன் என்றபோது கீழ்வீட்டு அம்மா உன் தோளைப் பிடித்து, முதலிலிருந்து ஆரம்பிப்போம், தினமும் நான் உன்னோடு உட்காருகிறேன் என்றார், அதுவும் எங்களுக்குப் புரிந்தது. இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற ஞாயிறு அவரை உன் அறைக்கு வரச்சொல். அவருக்குச் சொல்ல நானும் அம்மாவும் நான்கு வாக்கியம் தயார் செய்திருக்கிறோம். நீ நடுவில் மொழிபெயர்க்க வேண்டாம்.

உன் நலனையே நினைத்திருக்கும்
அப்பா
(எழுத்துப் பிழை பார்த்தது அம்மா)