வேங்கைமரத்திலிருந்து ஓடை வரை

ஆனி 3, செவ்வாய்

விடியலிலேயே சாரல். தென்காசிக் கடையில் வாடகை சைக்கிள். பிரேக் சுமார். பெல் இல்லை. காட்டில் யாருக்கு அடிக்க?

சைக்கிள் பாதை வெட்டி முடிந்தது. குற்றாலத்துக்கு மேலே, வேங்கைமரத்தடியில் தொடங்கி மருது, தோதகத்தி மரங்களையெல்லாம் சுற்றி ஓடை வரை. மாசியிலிருந்து நானும் சங்கரனும் வெட்டியது. மேல்பாதி நான் மட்டும். அட்டைக்குப் பயந்து அவன் கீழேயே நின்றுவிடுவான்.

இன்று கடைசி வளைவு வரை கால் ஊன்றாமல் இறங்கினேன். அங்கே வேர் தூக்கிப் போட்டது. முழங்கை காலி. பரவாயில்லை.

ரிசர்வ் காடு. பாஸ் வேண்டும். தெரியும். சீசனுக்கு வரும் ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டினால் ரேஞ்சரே சரி என்பார் என்கிறான் சங்கரன். அதுவரை இரண்டு பேரும் மூச்சு விடுவதில்லை என்று பேச்சு. பள்ளிக்கூடம் விட்டவனுக்கு வடகரை வயல்தான் என்கிறார் அப்பா. நாலு பேரை ஓடை வரை கூட்டிப்போய்விட்டால் அவர் வாய் அடங்கும்.

ஆனி 6, வெள்ளி

சாரல் இல்லை. வெயில்.

வாங்க: டியூப் ஒட்டப் பசை, அட்டைக்குப் புகையிலை.

சங்கரனைக் காணவே இல்லை. செங்கோட்டை போயிருக்கிறான் என்றாள் அவன் அம்மா. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

மதியம் பாரஸ்ட் கார்டு வீட்டுக்கு வந்தார். பாதை வெட்டியது நான்தான் என்று தெரியுமாம். முதல் தடவை என்பதால் கேஸ் இல்லையாம். அரிவாளை எடுத்துக்கொண்டார். அப்பா அவர் முன்னால் கைகட்டி நின்றார். அதைத்தான் பார்க்க முடியவில்லை.

யார் சொன்னது என்று கார்டிடம் கேட்டேன்.

"கூட இருந்தவனத் தவிர வேற எவனுக்குலே தெரியும்?"

ஆனி 8, ஞாயிறு

வேங்கைமரத்தடியில் மூங்கில் தடுப்பு. பக்கத்தில் சங்கரன். அளவு பெரிய காக்கிச் சட்டை, தோள் தொங்கிக்கொண்டு. காட்டிக்கொடுத்ததற்கு வாட்சர் வேலை.

"பாஸ் இருக்கா?"

விளையாட்டு என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"ஏலே, இது நான் வெட்டுன பாதைலே."

"அதத்தான் கார்டுகிட்ட சொன்னேன்."

குரல்கூட மாறவில்லை. பிறகு கொஞ்சம் இறங்கி வந்தான். தங்கச்சி, வீட்டுக் கஷ்டம், என்னவோ. நாளைக்கு ரேஞ்சர் பாதையைப் பார்க்க வருகிறாராம்.

"செடி வெட்ட ஆள் வேணும். நீ வாயேன், நா சொல்லி வைக்கேன். கூலி உண்டு."

ஓங்கி ஒன்று விடத் தோன்றியது. கை ஹேண்டில்பாரை விட்டு வரவில்லை.

மாசி பூராவும் ஒரே தூக்குச்சட்டியில் கை வைத்துத் தின்றோம். 

ஆனி 9, திங்கள்

மழை. போனேன். கூலிக்குத்தான்.

முன்னால் சங்கரன், பின்னால் ரேஞ்சர், கார்டு. கடைசியில் இரவல் அரிவாளோடு நான். ஒவ்வொரு வளைவும் தனக்கு அத்துப்படி என்று ரேஞ்சரிடம் அளந்துகொண்டே வந்தான்.

மேலே, அவன் வராத பாதியில், வழி இரண்டாகப் பிரியும். ஓடைக்கு வலது. இடது நான் வழி தெரியாமல் வெட்டிப் பாதியில் விட்டது. பிரம்பு முள், அப்புறம் இடுப்பளவு சேறு.

சங்கரன் நின்றான். திரும்பி என்னைப் பார்த்தான்.

நான் குனிந்து செடி வெட்டினேன்.

இடது பக்கம் போனான். பின்னாலேயே ரேஞ்சர்.