எச்சிலாக்கிய வெல்லம்

நீர் நிறைக, நெல் விளைக, குடி நிலைக்க. வெண்கரை நாடாளும் கொற்றமாதேவி, முகத்துறை காக்கும் பூதன் எயினனாருக்கு விடுக்கும் திருமுகம். உம் துறைக்கு நலம் கோருகிறோம். அங்கே நலம் இல்லை என்பதை அறிந்தே கோருகிறோம்.

மழை பொய்த்து எள்ளும் ஆமணக்கும் கருகியபின், உம் கலங்கரை விளக்குக்கு எண்ணெய் இல்லாது போயிற்று. போருக்குப் போன நம் கப்பல்கள் இருளில் பாறை தப்பிக் கரையேற அவ்விளக்கே துணை. அவற்றுள் ஒன்றில் நம் ஒரே மகன் இருக்கிறான். அழுகிய பலா, கெட்ட பாகு, பானகத்தின் அடிவண்டல் ஆகியவற்றைச் சால் என்னும் பெருந்தாழியில் புளிக்கவைத்துக் காய்ச்சினால் விளக்கெரிக்கும் தேறல் இறங்கும் என்று நீர் எழுதியபோது உள்ளம் குளிர்ந்தோம். எச்சில்பட்ட இனிப்பெல்லாம் சாலுக்கே உரியது என்று ஆணையும் விடுத்தோம்.

பஞ்சத்தில் எந்த வீட்டில் ஐயா பாயசம் மிஞ்சும்? சால் நிரம்பாது போகவே, உம் தண்டலாளன் கீரனின் ஆட்கள் வீடு வீடாகப் புகுந்து, பானையில் இருந்த நல்ல வெல்லத்தை எடுத்து, ஆளுக்கொரு கடி கடித்து, எச்சிலாயிற்று என்று வாரிக்கொண்டு போயினர். அடப் பாவிகளா! உப்பளத்துச் சாத்தி என்பவள் நம் வாயிலுக்கு வந்தாள். பால் வற்றியதால் கைக்குழந்தைக்கு வெல்லநீரே புகட்டி வந்ததாகவும், காலில் விழுந்தும் கீரன் இரங்கவில்லை என்றும், பிள்ளை போய்விட்டது என்றும் முறையிட்டாள். எச்சில் பட்டா என்ன தாயே, எம்புள்ள குடிச்சிருக்குமே என்றாள்.

கீரனை விலங்கிட்டு இங்கு அனுப்பும். இன்னும் சாலில் கரையாத வெல்லத்தை, அதற்கு உடையவர் வீட்டிலேயே சேர்ப்பியும். சாலில் கரைந்தது இனி உண்ண உதவாது. அதைக் காய்ச்சி விளக்கில் எரித்துவிடும். அது தீர்ந்தபின் எவர் வாசலிலும் போய் நிற்கலாகாது. விளக்கை அமர்த்துக என்று மங்கலமாகச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை, அணைத்துவிடும்.

அதன்பின் கப்பல்கள் வந்தால், கரையெங்கும் ஆள் நிறுத்திப் பறை அறையும். அது கேளாமல் நம் மகன் பாறையில் மோதி மாண்டால், மற்றவரோடு மற்றவனாக அங்கேயே அடக்கம் செய்யும். சாத்தியிடம் சென்று தேவியின் பிள்ளையும் போயிற்று என்று சொல்லிவிட்டு, அதன்பின் நமக்கு ஆள் அனுப்பும்.

இது நம் ஆணை. நம் கையாலேயே சுறாப்பொறி முத்திரை இட்டு விடுத்தோம்.