எதிரே போட்ட நாற்காலிகள்

1913 பிப்ரவரி 12, புதன். பாளையங்கோட்டை.

காலையில் பனி. பத்து மணிக்கெல்லாம் வெயில் காந்தல். மாசி பிறந்துவிட்டது. வாய்க்கால் பக்கம் பிசான நெல் பழுத்து நிற்கிறது. விடுதி மாடி ஜன்னலைத் திறந்தால் வைக்கோல் மணம், கிளிச் சத்தம்.

செய்ய வேண்டியவை: நாலாம் வகுப்புக் கணக்குத் தாள் திருத்த. சின்னப் பிள்ளைகளுக்குத் தலைக்கு எண்ணெய். நீலப் புடவைக் கரை கிழிசல். துரைசாணி அம்மாளுக்கு ஆட்ட விதிகள்.

கடைசி வேலைதான் பெரியது. மதுரையிலிருந்து வந்திருக்கும் அமெரிக்கத் துரை, எதிரே உள்ள பையன்கள் பள்ளியில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறார். மழை விட்டதிலிருந்து ஒரே ஆட்டம்தான். இங்கே ஒரு கூட்டம், சேரன்மகாதேவியில் ஒரு கூட்டம், மதுரையில் அவர்கள் கல்லூரியில் ஒன்று. வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தமிழில் எழுதி மரத்தில் ஒட்ட வேண்டுமாம். "நீ சென்னையில் பி.ஏ. படித்தவள் அல்லவா" என்றார் துரைசாணி, அந்தத் துரையின் மனைவி. பி.ஏ.வில் இது இல்லை. ஆனாலும் தலையாட்டினேன்.

எழுதியது: நடுவில் நிற்பவன் பந்தை எறிவான். எதிரே கட்டையோடு நிற்பவன் அடிப்பான். அவன் முதுகுக்குப் பின்னால் குந்தியிருப்பவன் பிடிப்பான். மூன்று முறை தவறவிட்டால் அடிப்பவன் வெளியே. அடித்துவிட்டால் மூன்று மூலையும் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். திரும்பினால் ஓர் ஓட்டம். அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் வீடு.

வீடு என்று எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளம்பின வீட்டுக்கே திரும்பி வர இவ்வளவு ஓட்டமா.

மை கொட்டிவிட்டது, வழக்கம்போல. மறுபடி முழுவதும் எழுதினேன்.

பிப்ரவரி 14, வெள்ளி.

மேகம். மழை இல்லை.

மிஷன் பத்திரிகைக்கு இந்தப் பருவத்தில் நன்றாக ஆடிய இளைஞர்களைப் பற்றிக் குறிப்பு வேண்டுமாம். அதுவும் நான்தான்.

நெட்டைத் தாமஸ், சேரன்மகாதேவி. அடிப்பவன். ஆற்றங்கரை ஆட்டத்தில் அவன் அடித்த பந்து அறுப்பு வயலுக்குள் விழுந்தது. அறுத்த பெண்கள் கவனிக்காமல் நெற்கட்டோடு சேர்த்துக் கட்டிக் களத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் சூடடிக்கும்போது மாட்டுக் காலடியில் கிடைத்தது. அதற்குள் தாமஸ் எத்தனை சுற்று சுற்றலாம் என்று ஒரு வழக்கு.

இபுராகீம், மேலப்பாளையம். ஓட்டக்காரன். எறிபவன் மூக்கைச் சொறிந்தால் போதும், அடுத்த மூலையில் நிற்பான்.

அ. எறிபவன். இடக்கை.

மூன்றாவதற்கு மேலே எழுத ஓடவில்லை. அ. என்றால் தம்பி அருள். என் தம்பியை நானே எப்படிப் புகழ்வது. இங்கேயும் அ. என்றே எழுதிக்கொள்கிறேன்.

ஆனால் நேற்றுச் சாயங்காலம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். மைதானம் முழுக்க மஞ்சள் வெளிச்சம், புழுதிகூடப் பொன்னாக. அ.வின் இடது கை மெல்லப் பின்னால் போகிறது. சுற்றி வருகிறது. பந்து கையை விட்ட பிறகு ஒரு கணம் எங்கே போகலாம் என்று யோசிப்பதுபோல் இருக்கிறது. பிறகு வளைந்து, அடிப்பவன் நினைக்காத பக்கம். நெட்டைத் தாமஸே மூன்று முறை காற்றை அடித்துவிட்டுப் போனான்.

மதில்மேல் உட்கார்ந்திருந்தவர்கள்:

"ஏலே, பீச்சாங்கையால எறியுதாம்லே."

"எறிஞ்சா எறியட்டும்வே. கட்டையில படலியே."

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அ. வராந்தாவுக்கு வந்தான். கால் நிறையப் புழுதி.

"அக்கா, தொர ஒரு காரியம் சொல்லுதாரு. அடுத்த சனிக்கெழம நாமளும் சேரன்மாதேவிக்காரங்களும் சேந்து மதுரக்காரங்களோட ஆட்டம். அதப் பாத்துட்டு நம்ம பக்கத்துல ரெண்டு பேர மதுரக் காலேஜுக்குக் கூட்டிட்டுப் போவாராம். படிப்பு, தங்க எடம், எல்லாம் அவரு பாத்துக்கிடுவாராம்."

"நீயா?"

"எடக்கை எறிகாரன் லேசுல கெடைக்க மாட்டானாம். சொன்னாரு." கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான், நான் திட்டப் போகிறேன் என்பதுபோல.

"அப்பாகிட்ட யாரு சொல்லுவா?"

"நீதான்."

"நானா?"

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு சிரிக்கவில்லை. அப்பாவுக்குத் திசையன்விளையில் கருப்பட்டிக் கடை. போன வாரம் வண்டிக்காரர் இசக்கியிடம் சொல்லி அனுப்பியிருந்தார், பரீட்சை முடிந்த மறுநாள் அ. கடைக்கு வர வேண்டும் என்று. "பொட்டப்பிள்ள படிச்சு வாத்திச்சியாயாச்சு. இவனும் போயிட்டா தராசு யாரு பிடிப்பா?"

அப்பா சொல்வதில் தப்பு இல்லை. அதுதான் கஷ்டம்.

பிப்ரவரி 17, திங்கள்.

விடிவதற்கு முன் ஒரு கனவு. அ. எறிந்த பந்து மேலே போகிறது. கீழே வரவில்லை. எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறோம், அப்பா, துரை, இசக்கி அண்ணாச்சி, வண்டி மாடுகள்கூட. ஆறு சத்தமில்லாமல் மைதானத்தின் நடுவே ஓடுகிறது, யாரும் நனையவில்லை. பிடிப்பதற்குக் கை தூக்கியிருப்பது நான். தூக்கியது இடது கை.

விழித்தபோது அந்தக் கை தலையணைக்கு மேலே கிடந்தது. மரத்துப்போய்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேருமே இடக்கை. அம்மா என் இடது விரல்களில் வேப்பெண்ணெய் தடவித் துணி சுற்றிவிடுவாள், சாப்பாட்டுக்கு முன்னால். பெரியவர்களுக்கு இடது கையால் ஒன்றும் கொடுக்கக் கூடாது, வாங்கக் கூடாது, அவர்கள் பக்கம் நீட்டக்கூடக் கூடாது. நான் முழுக்க மாறிவிட்டேன். சாப்பாடு, எழுத்து, ஊசி, சுண்ணாம்புக்கட்டி, எல்லாம் வலது. தாழ்ப்பாளை மட்டும் இன்னும் இடது கை திறக்கிறது. அ. பாதிதான் மாறினான். அப்பா எதிரே நின்றால் வலது. மற்ற இடத்தில் அவன் இஷ்டம்.

கணக்குத் தாள் முடிந்தது. எஸ்தருக்குப் பூஜ்யம். அழுதாள். பாதி போட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்.

வெயில். கிணற்றில் தண்ணீர் இறங்குகிறது.

அப்பா வந்துவிட்டார். கருப்பட்டி வண்டியோடு. சபைப் போதகர் ஐயரவர்கள் அவரைச் சனிக்கிழமை ஆட்டத்துக்கு அழைத்திருக்கிறார், அப்பா இருந்து பார்த்துவிட்டுப் போவாராம். நான் மதுரை விஷயம் சொல்ல மூன்று முறை வாயெடுத்தேன். ஒரு முறை மாட்டைப் பற்றிக் கேட்டேன். ஒரு முறை அத்தையின் இருமலைப் பற்றி. மூன்றாம் முறை அப்பாவே, "என்ன, தொண்ட கட்டிருக்கா?" என்றார்.

பெரியம்மா (எங்கள் தலைமை ஆசிரியை, எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவது) விருந்தாளிகள் பொறுப்பை எனக்குக் கொடுத்துவிட்டார். நாற்காலி, பானக்கம், விசிறி.

நாற்காலிகளை எங்கே போடுவது என்று மைதானத்தில் நடந்து நடந்து பார்த்தேன். வாகை மரத்து நிழல் நன்றாக விழுவது, பிடிப்பவன் குந்தும் இடத்துக்குப் பின்னால். பந்து மேலே படாமல் இருக்க அங்கே மீன்வலை கட்டியாயிற்று. எறிபவனுக்கு நேர் எதிரே. பெரியவர்களை ஓரமாக உட்காரவைக்க முடியுமா? கல்யாணப் பந்தலில் போடுவதுபோல் நேராக ஒரே வரிசை. ஐயரவர்கள், தாசில்தார், துரை, அப்பா. துணி விரித்துப் பார்த்தேன். அழகாக இருந்தது.

பிப்ரவரி 22, சனி.

எழுதிவிட வேண்டும். நாளைக்கு மறந்துபோகாது, ஆனாலும்.

மூன்று மணிக்கு ஆரம்பம். ஊர் முழுக்க மதிலில். மதுரைக்காரர்கள் தொப்பி போட்டிருந்தார்கள். விதித்தாளை ஓர் ஆடு தின்றுவிட்டது. இபுராகீம் வாயாலேயே விளக்கிக்கொண்டிருந்தான்.

அ. நடுவில் வந்து நின்றான். பந்தை வாங்கினான். எதிரே பார்த்தான். அடிப்பவனை இல்லை, வலைக்குப் பின்னால். ஐயரவர்கள். தாசில்தார். அப்பா. பந்து இடது கையிலிருந்து வலது கைக்குப் போனது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. நான் போட்ட நாற்காலிகள்.

வலது கையால் எறிந்தான். பந்து சோம்பலாகப் போய் கட்டைக்கு நேராக நின்றது. மதுரைக்காரன் அடித்தான். அடுத்தவனும் அடித்தான். சுற்றிச் சுற்றி வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தார்கள்.

மதிலில்: "ஏலே அருளு, ஒனக்கு என்னலே ஆச்சு?"

"கை சுளுக்கியிருக்கும்."

"மண்ட சுளுக்கியிருக்கு."

துரை எழுந்தார், உட்கார்ந்தார். "அந்தக் கை, அந்தக் கை" என்று தன் இடது முழங்கையைத் தட்டிக் காட்டினார். அ. பார்க்காததுபோல் நின்றான். அப்பா தன் மகன் தோற்பதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். காரணம் தெரியாமல்தான்.

நாற்காலியை நகர்த்தலாம். தாசில்தாரை எழுந்திருங்கள் என்று யார் சொல்வது? என் குரல் எனக்கே கேட்காது.

பானக்கம் நேரம். தட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். ஐயரவர்களுக்கு வலது கையால். கொஞ்சம் சிந்தியது. தாசில்தாருக்கு வலது கையால். துரைக்கும். அப்பாவிடம் வந்தபோது தட்டை வலது கைக்கு மாற்றினேன். தம்ளரை இடது கையில் எடுத்தேன். நீட்டினேன்.

அவ்வளவு பேர் முன்னால். வாகை நெற்றுகள் மேலே சலசலத்தன.

அப்பா தம்ளரைப் பார்த்தார். "ஏட்டி ஞானம். கை மாறுது."

"தெரியும்ப்பா."

என் முகத்தைப் பார்த்தார். நான் எதிரே, மைதானத்தின் நடுவே பார்த்தேன். அவரும் பார்த்தார். அங்கே அ. பந்தை வலது கையில் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்து நின்றான்.

அப்பா தம்ளரை வாங்கினார். பூராவும் குடித்தார். துண்டால் மீசையைத் துடைத்தார். பிறகு கடையில் ஆளைக் கூப்பிடும் குரலில்:

"ஏலே அருளு. எந்தக் கையாலயாவது எறிஞ்சு தொலயேம்லே. பொழுது சாயுது."

மதிலில் எல்லோரும் சிரித்தார்கள். தாசில்தாரும். அ. சிரிக்கவில்லை. பந்தை மாற்றிக்கொண்டான்.

அதற்குப் பிறகு ஒருவனும் வீடு திரும்பவில்லை. ஒவ்வொரு பந்தும் அந்த ஒரு கணம் யோசித்து, வளைந்து, அவர்கள் கட்டைக்கு அடியில் நழுவிப் போனது. தொப்பிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பிப் போயின. வெளிச்சம் தேன் நிறத்துக்கு வந்தது. தாமஸ் அடித்த பந்து வாய்க்காலைத் தாண்டிப் போனது. அது விழும் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

இருந்தும் ஓர் ஓட்டத்தில் தோற்றோம். முதலில் விட்டதைப் பிடிக்க முடியவில்லை.

அ. பந்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். நாற்காலிகளை நானே மடக்கினேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு.

கோயிலில் என்ன பிரசங்கம் என்று நினைவில்லை.

முடிந்ததும் ஐயரவர்கள் வீட்டு முற்றத்தில் துரை. இரண்டு பேரைத் தெரிந்தெடுத்துவிட்டார். ஒருவன் நெட்டைத் தாமஸ். அடுத்த பெயரைச் சொல்லாமல் நேரே அப்பாவிடம் வந்தார். நான் தூணுக்குப் பின்னால். அ. இன்னொரு தூணுக்குப் பின்னால்.

"ஐயா, நேற்றுப் பாதி ஆட்டம் உம்முடைய மகன் ஏன் அப்படி எறிந்தான்? கையில் வலியா?"

அப்பா சொன்னார்: "வலி இல்ல தொர. மரியாத."

துரைக்கு விளங்கவில்லை. ஐயரவர்கள் இங்கிலீஷில் விளக்கினார். வெகுநேரம் விளக்கினார். துரை தன் கைகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "எனக்கு அந்த இடது கை வேண்டும். அனுப்புவீரா?" என்றார்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். கடையில் விலை படியாதபோது அப்படித்தான் போடுவார்.

"தொரைக்கு எடது கைதான வேணும்? கூட்டிட்டுப் போங்க. வலது கை லீவுக்கு லீவு நம்ம கடைக்கு வந்துரணும். தராசு பிடிக்க அது போதும்."

எதிர்த் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம். இருமலா, சிரிப்பா, தெரியவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்.

பனி. வண்டி கிளம்பும்போது இன்னும் சரியாக விடியவில்லை. இசக்கி அண்ணாச்சி மாட்டை ஏசிக்கொண்டிருந்தார். அப்பா ஓர் ஓலைக் கொட்டான் நிறையக் கருப்பட்டி கொடுத்தார், விடுதிப் பிள்ளைகளுக்கு. வாங்க வலது கையை நீட்டினேன்.

"சனிக்கெழம பானக்கம் சிந்தல" என்றார்.

"என்னப்பா?"

"சோத்தாங்கையில எதக் குடுத்தாலும் சிந்துவ நீ. சின்னதுலருந்து. அன்னைக்கு ஒரு சொட்டு சிந்தல."

ஏறி உட்கார்ந்துகொண்டார். "பைய ஓட்டும்வே" என்றார் இசக்கி அண்ணாச்சியிடம். வண்டி பனிக்குள் போனது. மணிச் சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் இருந்தது.

கருப்பட்டி பங்கிட வேண்டும். எஸ்தருக்கு ஒரு துண்டு கூட. பத்திரிகைக் குறிப்பில் மூன்றாவது ஆள் அ. இன்னும் பாக்கி.

வண்டி பனிக்குள் போனது என்ற வரியிலிருந்து எல்லாவற்றையும் இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணல், சின்னப் பிள்ளை எழுத்து. கை பின்னாலேயே வந்து மையை இழுத்துக்கொண்டு போகிறது, பாதி வரி கறுப்பு. ஆனால் மைக்கூடு கவிழவில்லை.

அ. மட்டும் நன்றாக வந்திருக்கிறது.